எட்வர்ட் 'புட்ச்' ஓஹேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஓஹேர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் போர் விமானி. முழுப்பெயர் எட்வர்ட் ஹென்றி ஓஹேர். 1914 மார்ச் 13 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். 1942 பிப்ரவரி 20 அன்று, தன் கப்பலைத் தாக்க வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானக் கூட்டத்தைக் கிட்டத்தட்டத் தனியாளாக எதிர்கொண்டார். அதற்காக அமெரிக்காவின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. அந்தப் போரில் அதைப் பெற்ற முதல் கடற்படை விமானி அவர்தான். 1943 நவம்பர் 26 இரவில் பசிபிக் கடல்மேல் காணாமல் போனார். அப்போது வயது 29. சிகாகோவின் பெரிய விமான நிலையம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவருடைய அப்பா அல் கபோனின் வக்கீலா? மகனுக்காகத் திருந்திய அப்பா என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறதே, உண்மையா?

பாதி உண்மை. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

சுற்றும் கதை இப்படி. சிகாகோ தாதா அல் கபோனுக்கு 'ஈஸி எடி' என்றொரு கில்லாடி வக்கீல். பணம், பங்களா, வேலைக்காரர்கள் என்று எல்லாம் இருந்தும் மகனுக்கு நல்ல பெயரைக் கொடுக்க முடியவில்லையே என்று வருந்தி, கபோனைக் காட்டிக்கொடுத்தார். அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தார். அப்புறம் போர்வீரன் ஒருவனின் சாகசம் தனிக்கதையாக வரும். கடைசி வரியில் 'அந்த வீரன்தான் ஈஸி எடியின் மகன்' என்று முடியும்.

அப்பாவின் பெயரும் எட்வர்ட் ஓஹேர்தான். வக்கீல் என்பதும் சரி. ஆனால் அவருக்குப் பணம் கொட்டியது வக்கீல் தொழிலில் அல்ல, நாய்ப் பந்தயத்தில். பந்தய நாய்கள் துரத்தி ஓடுவதற்காக ஓவன் ஸ்மித் என்பவர் கண்டுபிடித்த எந்திர முயலின் உரிமை இவர் கைக்கு வந்தது. அந்த முயல் இல்லாமல் பந்தயம் நடத்த முடியாது. கபோன் கூட்டத்துக்கோ பந்தயம் வேண்டும். இப்படித்தான் இருவரும் ஒன்றாகத் தொழில் செய்யத் தொடங்கினார்கள்.

வருமான வரித்துறைக்கு அவர் ரகசியமாகத் தகவல் கொடுத்ததும் உண்மை. 1931-இல் வரி ஏய்ப்பு வழக்கில் கபோனுக்கு 11 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்ததில் அந்தத் தகவல்களுக்குப் பங்குண்டு. மகனைக் கடற்படை அகாடமியில் சேர்க்க அவர் துடித்தார் என்றும், உதவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் வழக்கை விசாரித்த வரித்துறை அதிகாரி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கதை சறுக்குவது அதற்குப் பிறகு. தகவல் கொடுத்த கையோடு அவர் எதையும் துறந்துவிடவில்லை. கபோன் உள்ளே போன பிறகும் பல ஆண்டுகள் பந்தயத் தொழிலிலேயே இருந்தார். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் குதிரைப் பந்தய மைதானத்தின் தலைவராக வசதியாக வாழ்ந்தார். 1939 நவம்பர் 8 அன்று காரில் போய்க்கொண்டிருந்தவரை இன்னொரு காரில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். கபோன் சிறையிலிருந்து வெளியே வர அப்போது சில நாட்களே இருந்தன. கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

தன் தொழிலையும் காப்பாற்றிக்கொண்டு, மகனையும் கரையேற்ற நினைத்த கெட்டிக்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம். திருந்திய மகான் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

சாகசப் பகுதியாவது சரியாகச் சொல்லப்படுகிறதா?

அதில்தான் இன்னும் அதிகமாகக் கற்பனை கலந்திருக்கிறது. பெட்ரோல் நிரப்ப மறந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பினார், வழியில் தற்செயலாக எதிரிகளைப் பார்த்தார், தோட்டா தீர்ந்ததும் விமானத்தின் இறக்கையால் இடித்தே விரட்டினார் என்றெல்லாம் வரும். எதுவும் நடக்கவில்லை. கப்பலைக் காக்கவென்றே மேலே அனுப்பப்பட்டவர் அவர். யாரையும் இடிக்கவும் இல்லை. இடித்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

கடற்படைக்கு எப்படி வந்தார்? 'புட்ச்' யார் வைத்த பெயர்?

அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியில் படித்து 1937-இல் வெளியே வந்தார். வழக்கப்படி முதல் இரண்டு ஆண்டுகள் நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் வேலை. பிறகு ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் விமானப் பயிற்சி. அப்பா கொல்லப்பட்ட செய்தி வந்தது அந்தப் பயிற்சிக் காலத்தில்தான். 1940-இல் விமானியாகத் தேறி, சரடோகா விமானந்தாங்கிக் கப்பலின் மூன்றாம் போர் விமானப் பிரிவில் சேர்ந்தார். 'புட்ச்' என்ற பட்டப்பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவர் 'எடி'தான்.

அந்தப் பிரிவில் அவருக்கு வாய்த்தவர் ஜான் தாச். துப்பாக்கிக் குறியில் கறாரான ஆசிரியர். ஜப்பானியரின் ஜீரோ விமானம் அமெரிக்க விமானங்களைவிடச் சுறுசுறுப்பானது என்று தகவல் வந்ததும், சாப்பாட்டு மேஜையில் தீக்குச்சிகளை அடுக்கி அடுக்கி அதற்கு மாற்று யோசித்தவர். இரண்டிரண்டு விமானங்களாக எதிரெதிரே வளைந்து ஒன்றின் முதுகை மற்றொன்று காக்கும் முறை அப்படிப் பிறந்தது. அதை வானில் சோதித்தபோது எதிரியாக நடித்துத் தாக்கியவர் ஓஹேர். தாச்சின் பக்கம் இருந்த விமானங்கள் முழு வேகத்தில் போகக்கூடாது, ஓஹேர் பக்கத்துக்கு அந்தத் தடை இல்லை. அப்படியும் அவரால் சரியாகக் குறிபார்க்க முடியவில்லை. 'தாச் வீவ்' என்ற பெயரில் அந்த உத்தி பின்னர் கடற்படை முழுவதும் பரவியது.

1942 பிப்ரவரி 20 அன்று சரியாக என்னதான் நடந்தது?

சரடோகா ஜனவரியில் நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டு ரிப்பேருக்குப் போய்விட்டது. அதனால் தாச்சின் விமானப் பிரிவு லெக்சிங்டன் கப்பலுக்கு மாறியது. நியூ பிரிட்டன் தீவில் ஜப்பானியர் அப்போதுதான் பிடித்திருந்த ரபவுல் துறைமுகத்தைத் திடீரென்று தாக்குவது திட்டம். ஆனால் அன்று காலையே ஜப்பானின் ரோந்து விமானங்கள் கப்பல்களைப் பார்த்துவிட்டன. அவற்றில் ஒன்றைத் தாச் வீழ்த்தினார். என்றாலும் செய்தி ரபவுலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மதியம் ரபவுலிலிருந்து 17 மிட்சுபிஷி ஜி4எம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. அமெரிக்கர்கள் இந்த ரகத்துக்குப் பின்னர் 'பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். துணைக்குப் போர் விமானம் ஒன்றுகூட வரவில்லை. ரபவுலில் டார்பிடோக்களும் கையிருப்பில் இல்லை, அதனால் குண்டுகளோடு வந்தார்கள். வந்தது இரண்டு கூட்டமாக. மாலை ஐந்து மணி நெருங்கும்போது முதல் கூட்டம் கண்ணில் பட, லெக்சிங்டனின் வைல்ட்கேட் போர் விமானங்கள் அதன்மேல் பாய்ந்தன.

அந்தக் களேபரத்தில் கப்பலின் ரேடார், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் வருவதைக் காட்டியது. மற்ற விமானங்கள் எல்லாம் முதல் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போயிருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை இரண்டே இரண்டு: ஒன்றில் ஓஹேர், மற்றதில் மேரியன் டுஃபிலோ. எதிரிகளை நெருங்கும் முன் துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்தபோது டுஃபிலோவின் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. மிச்சம் ஒருவர்.

ஒரே ஆள் நாலே நிமிடத்தில் இதை எப்படிச் சாதித்தார்?

ஆவேசத்தைவிடக் கணக்குதான் காரணம் என்பேன்.

அவர் ஓட்டியது எஃப்4எஃப்-3 வைல்ட்கேட். குட்டையான, தடித்த விமானம். சக்கரத்தை உள்ளே இழுக்க விமானி கைப்பிடியை ஏறக்குறைய 30 சுற்று சுற்ற வேண்டும் என்றால் எவ்வளவு பழைய பாணி என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு எந்திரத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 450 தோட்டா. விசையை விடாமல் அழுத்தினால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் எல்லாம் காலி. அதற்குள் ஒரு கூட்டத்தையே சமாளிக்க வேண்டும்.

'பெட்டி' விமானத்தின் வாலில் 20 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. நேர் பின்னால் போய் ஒட்டிக்கொண்டால் அதற்கு இரையாக வேண்டியதுதான். ஆகவே ஓஹேர் மேலே, பக்கவாட்டில் நின்று சரிந்து இறங்கிச் சுட்டார். பக்கத்திலிருந்து சுடுவதில் ஒரு சிக்கல்: இலக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டால் தோட்டா போய்ச் சேரும்போது விமானம் அங்கே இருக்காது. அது வந்து சேரப்போகும் இடத்தைக் கணித்துச் சுட வேண்டும். அமெரிக்கக் கடற்படை தன் போர் விமானிகளுக்கு இந்த வித்தையைப் போருக்கு முன்பிருந்தே விடாமல் பழக்கியிருந்தது. தாச்சின் பிரிவில் அது கிட்டத்தட்ட மதம்.

முதலில் கூட்டத்தின் வலது ஓரம். எஞ்சின்களையும் இறக்கையில் இருந்த எரிபொருள் தொட்டிகளையும் குறிவைத்தார். நீண்ட தூரம் பறப்பதற்காக எடையைக் குறைத்துக் கட்டப்பட்ட அந்த விமானங்களின் தொட்டிகளுக்குப் பாதுகாப்பு உறை கிடையாது, சட்டென்று தீப்பிடிக்கும். பிறகு இடப்பக்கம் தாண்டி அங்கிருந்து பாய்ந்தார். இப்படியே மாறி மாறி, கப்பலின் பீரங்கிகள் வெடிக்கும் வளையத்துக்குள்ளும் போய்ச் சுட்டார். கூட்டத் தலைவர் இத்தோவின் விமானத்தில் ஒரு எஞ்சின் அப்படியே கழன்று விழுந்தது. அந்த நிலையிலும் அது லெக்சிங்டன் மேல் மோதப் பார்த்து, தவறி, கடலில் விழுந்தது. மிச்சமிருந்தவை போட்ட குண்டுகள் கப்பலில் படவில்லை.

விழுந்த ஒவ்வொரு விமானத்துக்கும் சராசரியாக 60 தோட்டாதான் செலவாகியிருக்கும் என்று தாச் கணக்குப் போட்டார். மாணவனைப் பற்றி ஆசிரியர் இதைவிடப் பெரிதாக என்ன சொல்லிவிட முடியும்?

ஐந்து விமானம் என்பது சரியான எண்ணிக்கையா?

அமெரிக்கப் பதிவேட்டில் ஐந்து. எதிரில் வந்தவை ஒன்பது என்றும் விருதுப் பத்திரம் சொல்கிறது. ஜப்பானிய ஆவணங்களோடு பின்னாளில் ஒப்பிட்டபோது, அந்தக் கூட்டத்தில் வந்தவை எட்டு என்றும், ஓஹேர் நேரடியாக வீழ்த்தியவை மூன்று, சேதப்படுத்தியவை வேறு மூன்று என்றும் தெரிந்தது. அடிபட்டுக் கூட்டத்திலிருந்து விலகிய சில விமானங்கள் தீயை அணைத்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொண்டன. ஆறு விழுந்தன என்று நினைத்துக்கொண்டு இறங்கினார் ஓஹேர். கப்பல் தலைவர் ஷெர்மன் ஐந்து என்று குறைத்தார். யாரும் வேண்டுமென்று கூட்டிச் சொல்லவில்லை. மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் புகைக்கு நடுவே எண்ணினால் இப்படித்தான் ஆகும். எல்லா நாட்டு விமானப் படைகளின் கணக்கிலும் இந்த மிகை உண்டு.

எண்ணிக்கை குறைந்ததால் செய்த வேலை குறையவில்லை. ரபவுலிலிருந்து கிளம்பிய 17-இல் 15 விமானங்கள் அன்று அழிந்தன. அமெரிக்கத் தரப்பில் இரண்டு வைல்ட்கேட்டும் ஒரு விமானியும் இழப்பு. ஆனால் ரபவுல் தாக்குதலைக் கைவிட வேண்டியதாயிற்று. வீரக்கதையாகச் சொல்பவர்கள் இதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

திரும்பி வந்தவரைச் சொந்தக் கப்பலே சுட்டதாமே?

ஆமாம். சக்கரத்தை இறக்கிக்கொண்டு தரையிறங்க வந்தவரைப் பார்த்துப் பதற்றத்தில் ஒரு இளம் பீரங்கியாளர் சுட்டுவிட்டார். நல்லவேளை, படவில்லை. இறங்கிய பிறகு ஓஹேர் அவரிடம் போய், நான் சக்கரம் இறக்கி வரும்போது இனியும் சுட்டால் உன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியிருக்கும், தம்பி என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டு விமானத்தின் துப்பாக்கிகளுக்கு நடுவே புகுந்து வந்தவரின் விமானத்தில் இருந்தது ஒரே ஒரு தோட்டா ஓட்டை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

விருது எப்போது, எங்கே?

1942 ஏப்ரல் 21, வெள்ளை மாளிகை. அதிபர் ரூஸ்வெல்ட் முன்னிலையில் மனைவி ரீட்டா அவர் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார். லெஃப்டினன்ட் கமாண்டராகப் பதவி உயர்வும் அப்போதே. வான்போர் வரலாற்றிலேயே மிகத் துணிச்சலான தனிச்செயல் என்று சொன்னாலும் தகும் என்கிற பொருளில் விருதுப் பத்திரம் எழுதப்பட்டிருந்தது. பேர்ல் ஹார்பர் அடிக்குப் பிறகு தோல்விச் செய்தியாகவே வந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்க அரசுக்கு ஒரு நாயகன் அவசரமாகத் தேவைப்பட்டான் என்பதும் உண்மைதான்.

சொந்த ஊரில் பெரிய ஊர்வலம் நடந்தது. வைல்ட்கேட்டைத் தயாரித்த குரும்மன் ஆலைக்குப் போனபோது தொழிலாளர்கள் காசு சேர்த்து 1,150 கார்ட்டன் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் பரிசளித்தார்கள். எண்ணிப் பார்த்தால் 2,30,000 சிகரெட். இவர் புகைப்பதோ வேறு பிராண்ட்! இந்த ஆரவாரம் எதுவும் கூச்ச சுபாவியான அவருக்கு ஒத்துவரவில்லை. சீக்கிரம் பறக்கும் வேலைக்குத் திரும்பவே விரும்பினார்.

குடும்பம்?

ரீட்டா வூஸ்டர் செயின்ட் லூயிசில் நர்ஸ். 1941 ஜூலையில் சந்தித்த அன்றே 'கல்யாணம் செய்துகொள்ளலாமா' என்று ஓஹேர் கேட்டுவிட்டார், செப்டம்பரில் திருமணம். 1943-இல் கேத்லீன் என்ற மகள் பிறந்தாள்.

அதன் பிறகு என்ன செய்தார்?

ஹவாயில் தன் விமானப் பிரிவுக்குத் தலைமையேற்று, புதியவர்களைப் பயிற்றுவித்தார். தாச்சிடம் கற்றதை அப்படியே கீழே கடத்தினார்: தோட்டாவைச் சிக்கனமாகச் செலவழி, விசையை அழுத்தப்போகும் முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் அலெக்ஸ் வ்ராசியு ஒருவர். அவர் 1944 ஜூனில் மரியானா தீவுகளுக்கு அருகே நடந்த சண்டையில் சுமார் எட்டு நிமிடத்தில் ஆறு விமானங்களை வீழ்த்தினார்.

1943 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் மார்க்கஸ், வேக் தீவுகள்மீது நடந்த தாக்குதல்களில் ஓஹேர் புதிய ஹெல்கேட் விமானத்தில் பறந்தார். வேக் தீவில் மேலும் இரண்டு எதிரி விமானங்களை வீழ்த்தினார். பிறகு எண்டர்பிரைஸ் கப்பலின் விமானக் குழு முழுவதற்கும் தலைவர் ஆனார்.

எப்படி இறந்தார்?

1943 நவம்பர். தரவா உள்ளிட்ட கில்பர்ட் தீவுகளில் அமெரிக்கப் படைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பகலில் நெருங்க முடியாத ஜப்பானியர், பெட்டி விமானங்களை டார்பிடோவோடு இரவில் அனுப்பினார்கள். கப்பலில் இருந்த போர் விமானங்களில் ரேடார் கிடையாது. இருட்டில் அவை குருடு. டார்பிடோ வீசும் அவெஞ்சர் விமானத்திலோ ரேடார் இருந்தது. ஒரு அவெஞ்சர் இருட்டில் வழிகாட்ட, இரண்டு ஹெல்கேட் அதன் இருபுறமும் போய்ச் சுட்டால் என்ன? எண்டர்பிரைசில் இருந்த அட்மிரல் ராட்ஃபோர்டும் ஓஹேரும் சேர்ந்து உருவாக்கிய யோசனை இது. குழுத் தலைவர், மெடல் ஆஃப் ஆனர் வாங்கியவர், வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். தானே போனார்.

நவம்பர் 26 மாலை இருட்டும் நேரத்தில் கிளம்பினார்கள். அவெஞ்சரை ஓட்டியவர் ஜான் ஃபிலிப்ஸ், இன்னொரு ஹெல்கேட்டில் வாரன் ஸ்கான். தொடக்கத்தில் மூன்றும் பிரிந்துவிட்டன. ஃபிலிப்ஸ் ரேடாரை வைத்துத் தனியாகவே இரண்டு பெட்டிகளை வீழ்த்தினார். பிறகு ஒருவரையொருவர் கண்டுபிடிக்க விளக்குகளைப் போட்டு, மூவரும் ஒன்றுசேர வந்தார்கள். அந்த நேரத்தில் அவெஞ்சரின் பின்பக்கத் துப்பாக்கியில் இருந்த ஆல்வின் கெர்னன், பின்னால் வேண்டாத இன்னொரு விமானம் இருப்பதைக் கண்டு சுட்டார். அடுத்த கணங்களில் ஓஹேரின் ஹெல்கேட் சரிந்து, ஸ்கானின் விமானத்துக்குக் கீழே நழுவி, இருட்டுக்குள் இறங்கிப் போனது. ஸ்கான் ரேடியோவில் கூப்பிட்டார், பதில் இல்லை. பின்னாலேயே இறங்கிப் பார்த்தவர் கடல் நெருங்கிவிட்டதால் மேலேற வேண்டியதாயிற்று. மறுநாள் தேடியும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

சொந்த விமானத்தின் குண்டு பட்டுத்தான் இறந்தாரா?

அப்படியொரு பேச்சு அப்போதிலிருந்தே உண்டு. கெர்னன் சுட்டதும் ஓஹேர் விழுந்ததும் அடுத்தடுத்து நடந்ததால் வந்த சந்தேகம். கோணங்களையும் அங்கிருந்தவர்களின் வாக்குமூலங்களையும் பின்னாளில் அலசிய ஆய்வாளர்கள், பின்னால் வந்த ஜப்பானிய விமானத்தின் முன்பக்கத் துப்பாக்கிதான் அவரை வீழ்த்தியது என்ற முடிவுக்கு வந்தார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. கெர்னன் போருக்குப் பின் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஆனார். அந்த இரவைப் பற்றித் தானே எழுதியும் இருக்கிறார்.

இரவுச் சோதனை தோல்விதானே?

இல்லை. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து நடந்த முதல் இரவு இடைமறிப்புச் சண்டை அது. ஜப்பானியத் தாக்குதல் குலைந்தது, கப்பல்கள் தப்பின. மூன்று விமானங்களை இருட்டில் ஒன்றாகக் கட்டி மேய்ப்பது நடக்காத காரியம் என்பதும் தெரிந்தது. பிறகு ஹெல்கேட்டின் இறக்கையிலேயே ரேடாரைப் பொருத்தித் தனி இரவுப் போர் விமானங்களை உருவாக்கினார்கள். பெரும்பாலானவர்கள் அவருடைய நாலு நிமிடத்தையே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், யாரும் செய்து பார்க்காத ஒன்றை இருட்டில் முயன்றதுதான் பெரிய துணிச்சல்.

மொத்தம் என்னென்ன விருதுகள்?

மெடல் ஆஃப் ஆனர், இறந்தபின் நேவி கிராஸ், இரண்டு முறை டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ், பர்ப்பிள் ஹார்ட். ஒரு போர்க்கப்பலுக்கும் ஓஹேர் என்று பெயர் வைத்தார்கள். 1945-இல் அதை நீரில் இறக்கி வைத்தவர் அவருடைய தாய் செல்மா.

செயின்ட் லூயிஸ்காரர் பெயர் சிகாகோ விமான நிலையத்துக்கு ஏன்? பயணப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் 'ஓஆர்டி' என்று ஏன் இருக்கிறது?

அந்த இடத்தில் போர்க்காலத்தில் டக்ளஸ் நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை இருந்தது. பக்கத்து ஊர் ஆர்ச்சர்ட் பிளேஸ். அதனால் அது ஆர்ச்சர்ட் ஃபீல்ட், குறியீடு ஓஆர்டி. 1949-இல் பெயர் மாறியது, குறியீடு மாறவில்லை. சிகாகோ டிரிபியூன் நாளிதழின் அதிபர் ராபர்ட் மெக்கார்மிக்தான் ஓஹேர் பெயரை முன்வைத்தார். அதே ஆண்டு நகரின் பழைய விமான நிலையத்துக்கு மிட்வே கடற்போரின் நினைவாக மிட்வே என்று பெயர் வைத்தார்கள். ஆக, சிகாகோவில் எந்த நிலையத்தில் இறங்கினாலும் பசிபிக் கடற்போர்ப் பெயர்தான்.

ஓஹேர் விமான நிலையத்தின் டெர்மினல் 2-இல் நிற்கும் விமானம் அவர் ஓட்டியதா?

இல்லை. அதே எஃப்4எஃப்-3 ரகம், அவ்வளவுதான். போர்க்காலத்தில் மிச்சிகன் ஏரியில் இரண்டு பழைய பயணிகள் நீராவிக் கப்பல்களைத் தட்டையாக்கிப் பயிற்சித் தளங்களாக மாற்றியிருந்தார்கள். அங்கே இறங்கிப் பழகிய இளம் விமானிகள் தவறவிட்ட விமானங்கள் நூற்றுக்கு மேல் ஏரிக்குள் போயின. குளிர்ந்த நன்னீர் என்பதால் அவை உப்புநீரில் போல அரிக்கப்படவில்லை. ஏரியிலிருந்து பின்னாளில் எடுத்த ஒன்றைப் பழுதுபார்த்து, 1942 பிப்ரவரியில் ஓஹேர் ஓட்டிய விமானத்தின் நிறமும் 15 என்ற எண்ணும் பூசி அங்கே வைத்திருக்கிறார்கள்.